தொட்டியில் இருந்த பெரியவர்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது. உட்காரும் நாற்காலியின் எண்தான் பெயர். நான் எட்டு. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் ஏழு. என்னைவிட மூத்தவள் என்பதால் ஏழக்கா. அவளுடைய அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். அது அடையாள அட்டையில் சும்மா கிடந்தது.

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஏழரை!" என்று மூன்றாம் நம்பர்க்காரி கேலி செய்வாள். அந்த ஏழரை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். ஏழக்காவின் கோபம் எங்கே இருக்கிறது என்று ஒரே வீட்டில் இருந்த எனக்கே பல நாள் தெரியவில்லை.

அந்த அறையை இன்று நினைத்தாலும் என் காது சூடாகிறது. நீளமான பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், துளைக்கு மேலே மிளகு அளவுக்கு விளக்குகள். விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள். ஒரு ஒயரைச் சொருகி என்ன ஊர், என்ன எண் என்று கேட்டு, இன்னொரு ஒயரை அந்த ஊருக்குச் சொருக வேண்டும். பிள்ளை பிறந்தது, ஆள் செத்தது, பரீட்சையில் தேறியது, வேலை போனது எல்லாம் எங்கள் காது வழியாகத்தான் போகும். காதில் விழலாம், மனதில் விழக் கூடாது என்பது சட்டம். நானெல்லாம் சட்டத்தை மதித்தவள் இல்லை. சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி கிடைத்தால் ஒயரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

ஏழக்கா அப்படி இல்லை. மூன்று நிமிஷம் ஆனதும் இணைப்பில் நுழைந்து நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் கத்தரிக்கோல் போட்டதுபோலச் சொல்வோம். அவள் மட்டும், பேசுகிறவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்திருந்து, அந்த இடைவெளியில் மெதுவாக, "நேரமாச்சுங்க, இன்னும் பேசணுமா?" என்று கேட்பாள். பாதி அழுகையில் இருப்பவர்கூட அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. உள்ளே பல் ஆஸ்பத்திரி. பகலெல்லாம் நாங்கள் வாய் ஓயாமல் பேசிய அறையில் இப்போது எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருக்கிறார்கள். போன மாதம் கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தேன். ஏழாம் நாற்காலி இருந்த இடத்தில் கை கழுவும் தொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பல் வலி என்று நினைத்து டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

தண்ணீரைப் பார்த்தால் அவள் ஞாபகம் வருவதற்குக் காரணம் அவளுடைய மீன்தொட்டி.

நாங்கள் இருவரும் ஒரு வீட்டின் மாடியை எடுத்துக்கொண்டு இருந்தோம். முன்னறை ஒன்று, படுக்கும் அறை ஒன்று, சமையலுக்கு ஒரு மூலை, குளியலறை. கீழே வீட்டுக்காரம்மா. முன்னறையில் எங்களிடம் இருந்தது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அப்புறம் ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டி. வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரலாம் என்று பார்த்தால் அதில் தண்ணீர் வாளி இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதில் இருக்கும் மருந்து நெடி மீனுக்கு ஆகாது. பிடித்து வைத்து, நெடி போனபிறகுதான் ஊற்ற வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் வாளிகள் நாற்காலியிலும் நாங்கள் தரையிலும் உட்கார்ந்தோம்.

தொட்டியை வாங்கிக்கொடுத்தவர் அவளுடைய அண்ணன். கணக்கு வாத்தியார். அப்பா அம்மா போனபிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவர். வேலை கிடைத்து அவள் இங்கே வந்தபோது கூடவே வந்து, வீடு பார்த்து, எங்கள் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் அம்மாவிடம் தன் பள்ளிக்கூடத்துப் போன் நம்பரைக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும் நாளில் தொட்டியையும் சில மீன்களையும் கொண்டுவந்து வைத்தாராம். "வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா வீடு வெறிச்சுனு இருக்கக் கூடாது. எதாவது ஒண்ணு அசையணும்" என்றாராம்.

அதெல்லாம் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நடந்தது. சண்டையும் எனக்கு முன்பே முடிந்திருந்தது. முடிந்தது என்றால் ஓய்ந்தது என்று அர்த்தமில்லை. பேச்சு நின்றுவிட்டது.

அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். நல்ல குடும்பம், ஒரே ஒரு நிபந்தனை, பெண் வேலையை விட்டுவிட வேண்டும். இவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இவள் முடியாது என்றாள். "என் வாக்குக்கு மரியாதை இல்லாத இடத்துல எனக்குத் தங்கச்சியும் இல்ல" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். "போனா போகட்டும், எனக்கு அண்ணன் தொட்டியில இருக்கார்" என்று இவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை தன் கோபத்தையெல்லாம் ஒரு தங்கமீனுக்குப் பெயராக வைத்துவிட்டது.

அவர் கொண்டுவந்த மீன்களில் ஒன்று எப்போதும் மூலையில் உர்ரென்று நிற்கும். கீழுதடு கொஞ்சம் முன்னால் துருத்தியிருக்கும். இரை போட்டால் மற்றவை அடித்துப் பிடித்துக்கொண்டு வரும்; இது, கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல் நிற்கும். அதற்கு அவள் வைத்த பெயர் பெரியவர். அவர்கள் வீட்டில் சின்ன வயதில் அண்ணன் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் இவள் முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் அது. மரியாதை மாதிரியும் இருக்கும், கிண்டலும் இருக்கும்.

நான் வந்தபோது பெரியவர் என் உள்ளங்கை நீளம் இருந்தார். பார்த்தீர்களா, மீனுக்கு எனக்கே 'ர்' விகுதி வந்துவிடுகிறது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். "பெரியவர் சாப்பிட்டாரா?", "பெரியவர் இன்னைக்கு யாரையும் பக்கத்துல விடல" என்று கீழ்வீட்டு அம்மாவும் சொல்லுவார். ஏழக்கா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியருகே போய், "என்ன, இன்னும் கோபம் தீரலையா?" என்று கேட்பாள். அது உதட்டைத் துருத்திக்கொண்டு அப்படியே நிற்கும். "தீராட்டிப் போங்க" என்று சொல்லிவிட்டு இரை போடுவாள். தினமும் இந்தக் கூத்து. எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொண்டு, "எட்டு, பெரியவர்கிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு" என்றாள். அன்றோடு எனக்குச் சிரிப்பு நின்றது.

"அந்த மனுஷனுக்கே ஒரு போன் போட்டுத் தொலைக்கலாம்ல? ஊர் உலகத்துக்கே லைன் போட்டுக் குடுக்கறே" என்று ஒருநாள் கத்தினேன்.

"அவர் கூப்பிடட்டும்" என்றாள்.

"அவரும் அங்க உட்கார்ந்து இதையேதான் சொல்லிகிட்டு இருப்பார்."

"அப்ப ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கோம், விடு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தொட்டிக்கு நோய் வந்தது அவள் கையாலேயே. எத்தனையோ காலம் மீன் வளர்த்தவள், யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல, கடையில் புதிதாக வந்திருந்த வால் நீண்ட ஜோடி ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவந்தாள். புது மீனைக் கொஞ்ச நாள் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்து, நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மற்றவற்றோடு விட வேண்டும். எனக்கே அது தெரியும். அன்று மழை, வாளி எல்லாவற்றிலும் ஒழுகும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். "ஒண்ணும் ஆகாது" என்று நேராகத் தொட்டியில் விட்டுவிட்டாள்.

சில நாளில் புது மீன்களின் வாலில் வெள்ளைப் புள்ளிகள். ரவையைத் தூவியதுபோல இருந்தது. பிறகு எல்லாவற்றுக்கும் வந்தது. மீன்கள் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு துடித்தன. மீன் கடைக்காரரிடம் ஓடினோம். அவர் ஒரு நீல மருந்து கொடுத்தார். தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னார். ரொம்ப மோசமான மீனைத் தனியாக எடுத்து உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் விட்டு எடுக்கச் சொன்னார். ஏழக்கா எல்லாம் செய்தாள். தொட்டிக்கு மேல் குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். தண்ணீர் மாற்றி மாற்றி அவள் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயின, நகம் நீலமாகிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் மூன்றாம் நம்பர்க்காரி, "என்ன, நகத்துக்குப் புது சாயமா?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகப் போயின. காலையில் எழுந்தால் முதலில் அவள் தொட்டிக்குப் போவாள். நான் படுக்கையில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வலையை எடுக்கும் சத்தம் கேட்டால் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். கீழே செம்பருத்திச் செடியடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவாள். அழமாட்டாள். பெரியவர் மட்டும் புள்ளியோடு மூலையில் நின்றார்.

"இது போச்சுன்னா…" என்று ஒருநாள் ஆரம்பித்தாள்.

"போகாது. வாயைக் கழுவு" என்றேன்.

"இல்ல எட்டு. இது இருக்கற வரைக்கும், அவர் வாங்கிக் குடுத்தது ஒண்ணு என்கிட்ட உயிரோட இருக்கு. இது போச்சுன்னா அப்புறம் எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

நான் இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அவள் கேட்டது அது இல்லை என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி மூடிக்கொண்ட தருணங்கள் குறைவு.

வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டு அம்மாவிடம் மாடிச் சாவியைக் கொடுத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்வாள். அப்படி ஒரு காலை, இரண்டு பேரும் பலகை முன்னால் இருக்கிறோம். சொந்த அழைப்புகள் எங்களுக்கு வராது. சூப்பர்வைசர் அம்மா மேஜைக்குத்தான் வரும். அந்த அம்மாவுக்குக் கறுப்புக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடியும் தங்கமான மனசும் உண்டு. கேட்ட பாதியிலேயே புரிந்துகொண்டுவிடும் அவசரமும் உண்டு. எங்கள் வீட்டில் மீன் இருப்பது அவருக்குத் தெரியும். மீனுக்குப் பெயர் இருப்பது தெரியாது.

போன் செய்தது கீழ்வீட்டு அம்மா. "மாடியில பெரியவருக்கு ரொம்ப முடியலைங்க. மூச்சு வாங்குறார். வாயைத் திறந்து திறந்து மூடறார். ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டார். உடனே வரச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை பொய்யில்லை. எல்லாம் தொட்டியில் நடந்ததுதான்.

சூப்பர்வைசர் அம்மா முகம் வெளுத்து எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "உங்க வீட்ல பெரியவருக்கு முடியலையாம், போன் வந்திருக்கு" என்றார். ஏழக்கா காதிலிருந்த கருவியைக் கழற்றிப் போட்டாள். கழற்றி வைக்கவில்லை, போட்டாள். யாரோ ஒருவருடைய பேச்சு பாதியில் அந்தரத்தில் நின்றது. அவள் கண்ணில் தண்ணீர் அப்போதுதான் வந்தது.

"எட்டு, நீயும் கூடப் போ. ஜீப்பை எடுத்துக்கங்க" என்றார் சூப்பர்வைசர் அம்மா. ஒரு மீனுக்கு ஆபீஸ் ஜீப் கொடுக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷி என்று நான் உருகிப்போனேன். வழியில் டிரைவர், "நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாமா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில இதுக்கெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்றேன். அவர் "பாவம்" என்று சொல்லி ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார்.

நாங்கள் கிளம்பிய பிறகு சூப்பர்வைசர் அம்மா இன்னொரு நல்ல காரியமும் செய்தார். அவசர அழைப்புப் போட்டுக் கணக்கு வாத்தியாரின் பள்ளிக்கூடத்தைப் பிடித்தார். "உங்க தங்கச்சி வீட்ல பெரியவருக்கு ரொம்ப மோசமா இருக்கு. தங்கச்சி அழுதுகிட்டே ஓடியிருக்காங்க. நீங்க வந்தா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாத்தியார் யோசித்திருக்கிறார். அப்பா அம்மா இல்லை. தங்கை வீட்டில் பெரியவர் என்று யார் இருக்க முடியும்? ஒரே ஒரு விடைதான் வந்தது. தங்கை தனக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். அதுவும் வயதானவரை. தான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். அந்த மனிதர் இப்போது சாகக் கிடக்கிறார். கணக்கு வாத்தியார் வாழ்நாளில் போட்ட தப்புக் கணக்குகளில் இது பெரியது. ஆனால் அந்த விடை வந்தபிறகும் அவர் வகுப்பை விட்டு எழுந்து, வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு, கையில் கிடைத்த துணியோடு பஸ் ஏறிவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கீழுதடு முன்னால் துருத்தியிருந்தது. பின்னால் அவர் மனைவி, தோளில் பை, கையில் பிளாஸ்க். ஏழக்கா குளியலறையில் இருந்தாள். பேசின் நிறைய உப்புத் தண்ணீர் கலந்து, பெரியவரை அதில் விட்டு, சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து மீனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன பாசம் என்று மலைத்துவிட்டேன்.

"எங்க அவர்?" என்றார் வாத்தியார்.

"குளியலறையில இருக்கார்."

"இந்த நிலைமையில குளியலறையிலயா? படுக்க வைக்கலையா?"

"படுத்துட்டா முடிஞ்சு போச்சுங்க. அக்கா நிமிர்த்திப் பிடிச்சுகிட்டு இருக்காங்க."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாவே உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருந்தது. இன்னைக்குத்தான் சாய்ஞ்சுட்டார்."

"வைத்தியம்?"

"நீல மருந்து ஊத்தினோம். இப்ப உப்புத் தண்ணியில முக்கி வெச்சிருக்கோம்."

"முக்கியா? யார் சொன்னது?"

"மீன் கடைக்காரர்."

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி முன்னால் வந்து, "அம்மா, அவருக்கு என்ன வயசு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சரியாத் தெரியலைங்க. நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க" என்றேன்.

அவர் மனைவி காலித் தொட்டியைப் பார்த்தார், தொங்கிய பல்பைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த வாளியைப் பார்த்தார். முதலில் புரிந்தது அவருக்குத்தான். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "மீனுங்க… மீனுக்குத்தான் முடியலையாம்" என்றார். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாக மாறியது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "மீனுக்குப் பெரியவர்னு பேரா? யாரைச் சொல்றது அது?" என்றார். குளியலறையில் தண்ணீர் அசையும் சத்தம்கூட நின்றிருந்தது. ஏழக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னைக் கேலி பண்ணக் கூப்பிட்டு அனுப்பினாங்களா? வழியெல்லாம் என்ன என்ன நினைச்சு வந்தேன்னு தெரியுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். "கேளுங்க உங்க அக்காகிட்ட."

"நான் யாரையும் கூப்பிடலைன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் என்ன சொல்வது? எக்ஸ்சேஞ்சில் காலையிலிருந்து மாலைவரை இந்தப் பக்கத்துக் குரலை அந்தப் பக்கத்துக்குச் சேர்த்து அலுத்தவள். வீட்டிலுமா? வாத்தியார் அதற்குள் படியிறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். செம்பருத்திச் செடியடியில் கிளறிய மண் ஈரமாக இருந்தது.

"அது என்னன்னு பாருங்க. நீங்க குடுத்த மீனெல்லாம் அங்கதான் இருக்கு" என்றேன். "மிச்சம் அது ஒண்ணுதான். நீங்க தங்கச்சியே இல்லைன்னு சொல்லிட்டுப் போனீங்க. அவ தினமும் வேலைவிட்டு வந்து அதுகிட்ட, 'இன்னும் கோபம் தீரலையா'ன்னு கேட்டுகிட்டு இருந்தா. உங்ககிட்டத்தான் கேட்டிருக்கணும், அந்த அழுத்தக்காரி கேட்க மாட்டா. நீங்களும் கேட்க மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த வாயில்லாத ஜீவன் பதில் சொல்ல முடியாம செத்துகிட்டு இருக்கு."

எனக்கு வயது என்ன, அவருக்கு வயது என்ன, இப்படியா பேசுவது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கீழ்வீட்டு அம்மா கதவிடுக்கில் நின்று, "நீரடிச்சு நீர் விலகுமா? மேல போங்க தம்பி" என்றார்.

வாத்தியார் குனிந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "நான் வாங்கிக் குடுத்தது விரல் நீளம்தானே இருந்தது" என்றார். "அதுவா இன்னும் இருக்கு?"

"வந்து பாருங்க" என்றேன்.

அவர் மேலே வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏழக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கை ரெண்டும் தண்ணீருக்குள். பெரியவரின் செவுள் விட்டு விட்டுத் திறந்தது. செதில் மங்கிப் போயிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி ஏந்திகிட்டு இருக்காங்கன்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

"காலையிலிருந்து நீயும் நானும் மாத்தி மாத்தின்னு சொல்லு" என்றாள் அவள் என்னிடம்.

"கை விறைச்சுப் போயிருக்கும். நான் பிடிக்கிறேன்னு சொல்லுங்க."

"சரியாப் பிடிக்கணும், அழுத்தக் கூடாதுன்னு சொல்லு."

அவரே தன் கைகளைத் தண்ணீருக்குள் விட்டார். அவளுடைய கைகளுக்குக் கீழே அவர் கைகளை வைத்துக்கொண்டபிறகுதான் அவள் தன்னுடையதை மெல்ல உருவிக்கொண்டாள். அவர் மனைவி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி அவள் வாயருகே வைத்தார். அவள் குழந்தைபோலக் குடித்தாள். நல்ல தண்ணீர் ஊற்றினோம், உப்புத் தண்ணீரை மாற்றினோம், தொட்டியில் இருந்த காற்றுப் பம்பின் குழாயைக் கொண்டுவந்து பேசினில் போட்டோம். வாத்தியார் அழுத்தாமல் பிடித்திருந்தார். செவுள் கொஞ்சம் வேகமாக அசைந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒருமுறை அது வாலை அடித்தது. அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொள்ளவும் கையை எடுக்கவில்லை.

வெளிச்சம் போவதற்குள் செவுள் நின்றுவிட்டது. அவர் முதலில் கவனிக்கவில்லை, ஏந்திக்கொண்டே இருந்தார். அவள் கவனித்துவிட்டாள். எத்தனை மீன்களைப் பார்த்தவள். அவர் மணிக்கட்டில் கையை வைத்தாள்.

"அண்ணா" என்றாள். நான் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அதுவரை கேட்டதே இல்லை. "போதும்ணா. போயிட்டார்."

அவர் பெரியவரைத் தண்ணீரிலேயே மெல்ல விட்டார். பிறகு ஈரக் கையோடு அவள் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் வந்துட்டேன்லம்மா" என்றார்.

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.